பிங்க் கவரை நம்பலாமா?

கேள்வி: சின்ன எலெக்ட்ரானிக்ஸ் யூனிட் நடத்துகிறேன். மலிவாகக் கிடைத்ததால், போர்டுகளை நிலைமின்சாரத்திலிருந்து காக்கிற பிங்க் ஆன்ட்டி-ஸ்டேட்டிக் கவர் மூட்டையாக வாங்கிப் போட்டேன். இரண்டு வருடம் ஆகிறது. இப்போது போர்டுகள் பழுதாகித் திரும்பி வருகின்றன. கவர்தான் காரணமா? (அம்பத்தூர்)

பதில்: கவர் மீது எனக்கும் சந்தேகம் உண்டு. பிங்க் என்பது வெறும் அடையாளச் சாயம். வேலை செய்வது பாலிதீனோடு கலக்கிற கிளிசரால் மோனோஸ்டியரேட் போன்ற மருந்து. அது மெல்ல மேலே கசிந்து, காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஈரப் படலம் வழியாகத்தான் மின்னேற்றம் இறங்கும். நாளானால் மருந்து தீரும், துடைத்தால் போய்விடும். ஏசி அறையின் வறண்ட காற்றில் பாதி வேலைகூடச் செய்யாது. தயாரித்த தேதியில்லாமல் இதை விற்பதே தப்பு. தேதிச் சீட்டைக் கிழித்துவிட்டுப் பழைய சரக்கைத் தள்ளுகிறவர்களை எத்தனையோ வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நிலைமின்சாரம் மனிதக் கைக்குச் சுரீரென்று தெரிய ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். போர்டில் இருக்கும் சில ஐசிகள் (சிப்கள்) நமக்குத் தெரியாமலே 100 வோல்ட்டுக்குள் போய்விடும். உங்கள் டெஸ்டிங்கில் தேறிவிட்டு, கஸ்டமரிடம் போய்ச் சாகிற போர்டுகளும் உண்டு. அப்புறம், பிங்க் கவர் வெளியிலிருந்து வரும் மின்புலத்தைத் தடுக்காது. முடித்த போர்டுக்கு உலோகப் படலம் உள்ள வெள்ளி நிற ஷீல்டிங் கவர்தான்.

கேள்வி: போர்டு வைக்கிற கறுப்பு பிளாஸ்டிக் ட்ரே என்றாலே மின்சாரம் கடத்தும்தானே? (ஓசூர்)

பதில்: இல்லை. நிறத்துக்குப் போடுகிற கொஞ்சம் கார்பன் கடத்தாது. துகள்கள் ஒன்றையொன்று தொட்டு வழி அமைக்கிற அளவுக்குச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: கறுப்பு ட்ரேயை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் காட்டவில்லை. இருந்தாலும் 500 ட்ரே வாங்கிவிட்டேன். சரிதானே? (ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: வாங்கிய பிறகு கேட்டால் என்ன சொல்வது? மேற்பரப்பு மின்தடை 10,000 ஓமுக்குக் கீழே இருந்தால் கடத்தும் வகை. அதற்கு மேல் 10,000 கோடி ஓம் வரை மின்னேற்றத்தை மெதுவாக இறக்கும் வகை. அவ்வளவு பெரிய எண்ணை மல்டிமீட்டர் காட்டாது. மேற்பரப்பு மின்தடை மீட்டர் வைத்திருப்பவரிடம் ஒரு ட்ரேயைக் கொடுத்துப் பாருங்கள். தேறினாலும், எர்த் செய்த மேட் (மேசை விரிப்பு) மேல் வைத்தால்தான் பயன்.

கேள்வி: தனியாளாக மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இஎஸ்டி மேட் (நிலைமின்சாரத்தை எர்த்துக்கு இறக்கும் விரிப்பு) என்று பில் போட்டுச் சாதாரண ரப்பரைக் கொடுத்துவிட்டார்கள். ‘தொழிலுக்கு வாங்கியதற்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது’ என்கிறார் கடைக்காரர். (மதுரை)

பதில்: உங்களை இரண்டாவது முறையும் ஏமாற்றப் பார்க்கிறார். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியதை வணிக நோக்கமாக 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கருதுவதில்லை. எனக்கும் ஒரு கடையில் இப்படித்தான் மேட் கொடுத்தார்கள். எர்த் வயர் மாட்டும் பித்தளைப் பொத்தான் மேல்தோலோடு நின்றது, அடியில் இருந்த கறுப்பு அடுக்கைத் தொடவே இல்லை. உங்களுடையதையும் திருப்பிப் பாருங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுங்கள். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பில்லையும் மேட்டையும் பத்திரமாக வையுங்கள்.