விரிசல் விட்ட மைப்பேனா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா ஆதாரம் (பத்திரம்) எழுதிவந்த கருப்பு மைப்பேனா. மூடியின் வாய்ப்பக்கம் கால் அங்குலத்துக்கு விரிசல். திருகி மூடினால் விரிசல் வாயைத் திறக்கிறது. ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டால் போதுமா?
(வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: பேனா எதில் செய்தது என்று தெரியும்வரை பசைக்குழாயைத் திறக்காதீர்கள். கட்டைவிரலால் மூடியை அரை நிமிடம் அழுத்தித் தேய்த்து, சூடு ஏறியதும் மோந்து பாருங்கள். கற்பூர வாடை அடித்தால் செல்லுலாய்டு. கந்தகம் கலந்த ரப்பர் வாடை என்றால் எபனைட். ஒரு வாடையும் இல்லையென்றால் பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது வேறு பிளாஸ்டிக். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் சோதனை வேண்டவே வேண்டாம். செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும்.

அந்தக் காலத்துக் கருப்புப் பேனா என்பதால் எபனைட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ராஜமுந்திரி ரத்னம் பேனாக்கள் 1930களிலிருந்து பேர் வாங்கியது இந்த எபனைட்டைக் கடைந்துதான். ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்து வேகவைத்த பொருள் இது. எந்தத் திரவத்திலும் கரைந்து ஒட்டாது. அதனால் பசைதான் வழி. ஆனால் பசை மட்டும் நிற்காது. மூடியைத் திருகும்போது கடைசிக் கால் சுற்றில் உடலின் மரை ஆப்பு மாதிரி வேலை செய்து மூடியின் வாயை வெளிப்பக்கம் தள்ளுகிறது. விரிசல் விழுந்ததும் அதனால்தான். ஒட்டிய பிறகும் அதே விசை அதே இடத்தில் ஏறும்.

செய்ய வேண்டியது இது. மூடியைப் பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டுக் கழுவி, ஒரு நாள் முழுக்க நிழலில் உலர்த்துங்கள். வெந்நீர் பட்டால் எபனைட் பழுப்பேறிவிடும், வெயிலும் அதையே செய்யும். பிறகு பூதக்கண்ணாடி வைத்து விரிசல் எங்கே முடிகிறது என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டி ஒரு மில்லிமீட்டராவது அது உள்ளே ஓடியிருக்கும். அந்த முனையில் அரை மில்லிமீட்டர் துளை போட்டால் விரிசல் மேலே ஏறாது. வாட்ச் ரிப்பேர்க்காரரிடமோ நகைப் பட்டறையிலோ அந்த அளவுத் துளைக்கம்பி கிடைக்கும். கையாலேயே உருட்டித் துளையுங்கள், மெஷின் வேண்டாம்.

கூராகச் சீவிய மூங்கில் குச்சியை மூடியின் வாய்க்குள் மெல்லச் செருகினால் விரிசல் தலைமுடி அளவு விரியும். தண்ணீர் போல ஓடும் ஃபெவிக்விக்கை ஊசி முனையில் தொட்டு வெளிப்பக்கத்தில் வையுங்கள், அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். உடனே குச்சியை உருவிவிட்டு நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். உள்மரையில் பசை வழிந்திருந்தால் காய்வதற்குள் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுங்கள். ஒரு நாள் முழுக்க மூடியை உடலில் மாட்டக் கூடாது. மாட்டினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

காய்ந்ததும் 1000 நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து மட்டம் செய்து, வாயைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் பித்தளை அல்லது வெள்ளி வளையம் போடக் கடைசல்காரரிடம் சொல்லுங்கள். கடைசலில் மூடியின் வெளிப்பக்கத்தை மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் குறைத்து, அந்தப் பள்ளத்தில் வளையம் இறுக உட்கார வேண்டும். சுமையைத் தாங்கப்போவது இந்த வளையம்தான். இதைத் தவிர்த்தால் ஆறு மாதத்தில் மறுபடி கேள்வி எழுதுவீர்கள்.

கேள்வி: கண்ணாடி மாதிரித் தெளிவான பேனா, உடலிலேயே மை ஊற்றி எழுதுவது. மரைக்குக் கீழே விரிசல், மை கசிகிறது. சானிடைசரால் துடைத்துவிட்டு நகப்பாலிஷ் பூசினேன். சுற்றிலும் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள் கிளம்பிவிட்டன. ஏன்?
(வாசகி, செங்கோட்டை)

பதில்: அது அக்ரிலிக். கடைந்த மரை ஓரத்தில் அக்ரிலிக் எப்போதும் கொஞ்சம் விறைப்பாகவே நிற்கும். அங்கே ஆல்கஹால் பட்டால் நுண்விரிசல்கள் கிளம்பும். சானிடைசரில் இருப்பதே ஆல்கஹால். நகப்பாலிஷில் உள்ள கரைப்பானும் அக்ரிலிக்கை அரிக்கும். வந்த வலைக்கோடுகள் போகாது, அசல் விரிசலை மட்டும் அடைக்கலாம்.

அக்ரிலிக் போர்டு செய்யும் கடைகளில் குளோரோஃபார்ம் வைத்துத்தான் ஒட்டுகிறார்கள். அது அக்ரிலிக்கைக் கரைத்து இரு பக்கத்தையும் ஒன்றாக்கும், தனியாகப் பசை தேவையில்லை. பாலிஷை 1000 நம்பர் உப்புத்தாளால் சுரண்டி எடுங்கள், அசிட்டோன் பக்கம் போகாதீர்கள். மெல்லிய தூரிகை முனையில் ஒரே ஒரு துளி குளோரோஃபார்ம் எடுத்து விரிசலின் ஒரு முனையில் வைத்தால் மறுமுனைவரை ஓடும். இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்து, இரண்டு நாள் தொடாதீர்கள். நெஞ்சுக்கு ஆகாத ஆவி அது, திறந்த வாசலில் வைத்துத்தான் செய்ய வேண்டும். இதை அந்தக் கடைக்காரரையே செய்து தரச் சொன்னால் இன்னும் நல்லது.

பிறகு பச்சைத் தண்ணீர் நிரப்பி, மரைக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவி, வெள்ளைத் துணிமேல் ஒரு ராத்திரி படுக்க வையுங்கள். துணி நனையாவிட்டால் மை ஊற்றலாம். அப்படியும் அந்த உடலை நான் முழுக்க நம்ப மாட்டேன். உள்ளே கன்வெர்ட்டர் (மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சிறு குழாய்) பொருந்தும் பேனா என்றால் அதைப் போட்டு எழுதுங்கள், உடலில் மையே படாது.

கேள்வி: பிடித்து எழுதும் கழுத்துப் பகுதியில் விரிசல். விரலெல்லாம் மை. விலை குறைந்த பேனாதான்.
(மாணவர், களியக்காவிளை)

பதில்: ஒட்டாதீர்கள். கழுத்துக்குள் நிப்பும் அதன் அடியில் மை கொண்டுவரும் நாக்கும் இறுக்கமாக நிற்பதால் உள்ளிருந்து எப்போதும் அழுத்தம் இருக்கும். பசை கசிந்து நாக்கின் மை ஓடும் கோட்டை அடைத்துவிட்டால் பேனாவே போச்சு. கழுத்து மட்டும் தனியாகக் கிடைத்தால் மாற்றுங்கள். இனிமேல் நிப்பைக் கழற்றும்போது திருகாமல் நேராக இழுங்கள், நேராகவே செருகுங்கள்.

கேள்வி: ஆனி, ஆடியில் ஒட்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துப்போகிறது. பசை பழசா?
(வாசகர், குமுளி)

பதில்: பசையில் குறையில்லை, காற்றில் ஈரம் கூடுதல். ஃபெவிக்விக் வகைப் பசை ஈரத்தால்தான் இறுகும். தென்மேற்குப் பருவமழையில் அதன் ஆவியும் வேகமாக இறுகி வெண்தூளாகச் சுற்றிலும் படியும். பசை கூடினால் வெளுப்பும் கூடும், அதனால் ஊசி முனையளவு போதும். ஒட்டிய இடத்துக்குக் காற்று வர வேண்டும், டப்பாவுக்குள் மூடி வைத்தால் ஆவி உள்ளேயே படியும். படிந்த வெளுப்பு மேலோடுதான், உலர்ந்த மென்துணியில் டூத்பேஸ்ட் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். அவசரம் இல்லையென்றால் மழை வெறித்த பிறகு ஒட்டுங்கள்.