எல்லை தாண்டிப் பனிமலைக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மியூனிக்கில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதிக்குப் பனிச்சறுக்குப் போகத் திட்டமிடும் டில்லி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

மியூனிக்கில் 2 இரவு, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் அருகே 5 இரவு தங்குகிறோம். இறங்குவதும் திரும்ப ஏறுவதும் ஜெர்மனியில். விசா எந்த நாட்டிடம் கேட்பது?
– மயூர் விஹார் வாசகி

ஆஸ்திரியாவிடம். விமானம் எங்கே இறங்குகிறது என்று ஷெங்கன் (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் ஏற்பாடு) விதி பார்ப்பதில்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்கள் என்றுதான் பார்க்கும். இரண்டிலும் சரிசமமாகத் தங்கினால் மட்டும், முதலில் நுழையும் நாடு. ‘ஜெர்மனி அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதே’ என்று ஹோட்டல் முன்பதிவை மாற்றிக் காட்டுவது நிராகரிப்புக்குக் குறுக்குவழி. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்துவிடக் கூடாது.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். விசாவுக்கு அது போதும், மலைக்குப் போதாது. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவும் பனிச்சறுக்கை விலக்கியே எழுதப்பட்டிருக்கும். குளிர்கால விளையாட்டுக்கான கூடுதல் பிரிவைச் சேர்த்து வாங்குங்கள். மலையிலிருந்து மீட்கும் செலவு அதில் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். சரிவில் கால் உடைந்து ஹெலிகாப்டர் வந்தால் பில் ஆயிரக்கணக்கான யூரோவில் வரும்.

இந்திய லைசென்ஸ் போதுமா? கார் முன்பதிவில் கவனிக்க வேண்டியது என்ன?
– ஆர்.கே. புரம் வாசகர்

லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அரசின் ‘சாரதி’ இணையதளத்தில் விண்ணப்பம், கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். அது தனியாகச் செல்லாது. அசல் லைசென்ஸ் அட்டையும் கையில் இருக்க வேண்டும். டில்லியில் வசித்தும் தமிழ்நாட்டு முகவரியிலேயே லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் முகவரி விவகாரத்தை இரண்டு மாதம் முன்பே தீர்த்துக்கொள்வது நல்லது.

முன்பதிவின்போது மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, ஆஸ்திரியாவுக்குள் கொண்டுபோக அனுமதி. சொல்லாமல் எல்லை தாண்டினால் விபத்தின்போது காப்பீடு கைவிரிக்கலாம். இரண்டு, வின்டர் டயர். பல இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம். மூன்று, சக்கரத்தில் சுற்றி மாட்டும் பனிச் சங்கிலி. டெபாசிட்டுக்கு, ஓட்டுபவர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு கேட்பார்கள். கணவர் ஓட்ட, மனைவியின் கார்டை நீட்டினால் கவுன்ட்டரில் கார் கிடைக்காது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை டில்லியிலேயே திறந்துவிடுங்கள்.

வின்டர் டயர் இருந்தால் சங்கிலி எதற்கு? அதை மாட்டுவது கடினமா?
– ஜனக்புரி வாசகர்

இரண்டும் ஒரே வேலைக்கல்ல. வின்டர் டயரின் ரப்பர் குளிரில் இறுகாது. ஈரம், இளம்பனி, லேசான சரிவு எல்லாவற்றுக்கும் அது போதும். பனி இறுகிக் கிடக்கும் செங்குத்தான ஏற்றத்தில் சங்கிலிதான் காக்கும்.

ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனியோ சேறுபனியோ ஐஸோ இருந்தால் வின்டர் டயர் கட்டாயம். ரேடியல் டயரின் பள்ளம் 4 மி.மீ.க்குக் குறைந்தால் சட்டப்படி அது வின்டர் டயரே அல்ல. ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து, மூன்று சிகரமும் அதற்குள் பனித்துகளும் பொறித்த டயர் மட்டுமே கணக்கு. வெறும் ‘எம்+எஸ்’ (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எழுத்து போதாது. சாவி வாங்கியதும் குனிந்து நான்கு டயரையும் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

நீல வட்டத்துக்குள் சங்கிலி சுற்றிய டயர் படம் போட்ட பலகையைக் கண்டால், பனி படர்ந்த அந்தச் சாலையில் சங்கிலி இல்லாமல் ஏறக் கூடாது. எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறதோ அதில்தான் மாட்ட வேண்டும். முன்சக்கர இயக்கக் காரில் பின்னால் மாட்டிவிட்டு ‘ஏறவே இல்லை’ என்று நிற்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு. நான்கு சக்கர இயக்கம் என்றால் காரின் கையேடு சொல்வதைக் கேளுங்கள். டயர் பக்கவாட்டில் உள்ள அளவு, உதாரணமாக 205/55 ஆர்16, சங்கிலிப் பெட்டியிலும் இருக்க வேண்டும். பெரிய அலாய் சக்கரம் போட்ட சில கார்களுக்குச் சங்கிலியே மாட்ட இடம் இருக்காது. அதையும் எடுக்கும்போதே கேளுங்கள்.

பயிற்சி எடுக்க வேண்டிய இடம் மியூனிக் ஹோட்டலின் பார்க்கிங். இருட்டில், மைனஸ் 8 டிகிரியில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது அல்ல. ரப்பர் கையுறை, தலையில் கட்டும் டார்ச், முழங்காலுக்கு ஒரு பழைய பாய்த்துண்டு போதும். ஏற்றம் தொடங்குமுன் சமதளத்தில் ஒதுங்கி மாட்டுங்கள். நூறு மீட்டர் போய் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். தளர்ந்த சங்கிலி அறுந்து சக்கர வளைவை அடித்து நொறுக்கும். வேகம் 50 கி.மீ.க்கு மேல் வேண்டாம். தார் தெரிய ஆரம்பித்ததும் கழற்றிவிடுங்கள்.

டில்லி மூடுபனியில் ஓட்டிய அனுபவம் இங்கே பாதிதான் உதவும். மூடுபனி கண்ணுக்குத் தெரியும், கரும்பனி தெரியாது. வெப்பமானி 3 டிகிரிக்குக் கீழே வந்தால், பாலத்தின் மேலும் வெயில் படாத வளைவுகளிலும் சாலை வெறும் ஈரம்போலத் தோன்றும்; அது கண்ணாடிப் பனி. இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க விடுங்கள், பிரேக்கை நம்பாதீர்கள். கூடவே, வண்டி வலப்பக்கம் ஓடும் நாடு என்பதை ஒவ்வொரு சந்திப்பிலும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

எல்லையில் டோல் உண்டா? சனிக்கிழமை இறங்கி அப்படியே கிளம்பலாமா?
– முனிர்கா வாசகி

ஜெர்மனியின் நெடுஞ்சாலையான ஆட்டோபானில் காருக்கு டோல் இல்லை. ஆஸ்திரியாவின் நெடுஞ்சாலைக்கு ‘விக்னெட்’ வேண்டும். 2025ல் 10 நாளுக்கு அது 12.40 யூரோவாக இருந்தது. நம் ஃபாஸ்டாக் போலப் பணம் போட்டு வைப்பதல்ல, காலத்துக்கான சீட்டு. டிஜிட்டல் விக்னெட் நம்பர் பிளேட்டோடு கட்டப்பட்டது. அதனால் கார் கைக்கு வந்து பிளேட்டைப் பார்த்த பிறகே வாங்குங்கள். ஒரு எழுத்து தவறினாலும் வாங்காததற்குச் சமம், அபராதம் நூறு யூரோவைத் தாண்டும். காரில் ஏற்கெனவே விக்னெட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எல்லையிலிருந்து, நெடுஞ்சாலையை விட்டு வெளியேறும் குஃப்ஸ்டைன் தெற்கு வழி வரை விக்னெட் தேவையில்லை. பனிச்சறுக்கு ஊரான கிட்ஸ்பூயல் பக்கம் போகிறவர்களுக்கு இது வசதி.

சனிக்கிழமை வேண்டாம். மலைக் குடியிருப்புகளின் வாடகை சனி முதல் சனி வரை என்பதால் ஊரே அன்று இடம் மாறும். நெரிசலைத் தவிர்க்க, காரில் வழி சொல்லும் ‘நாவி’ ஊருக்குள் வழி காட்டும். ஆனால் டிரோலில் குளிர்கால வார இறுதிகளில் பல கிராமச் சாலைகளில், ஊரைக் கடந்து மட்டும் போகும் வண்டிக்குத் தடை, போலீஸ் திருப்பி அனுப்பும். பிப்ரவரியில் பள்ளி விடுமுறை வாரங்கள் இன்னும் மோசம். மியூனிக்கில் தங்கி ஞாயிறு மதியமோ திங்களோ கிளம்பினால் இன்ஸ்ப்ருக்கு இரண்டு மணி நேரச் சொச்சம்.

நெரிசலில் வண்டிகள் நின்றால், இடது ஓரத் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவே ஆம்புலன்ஸுக்கு வழிவிட வேண்டும். இது மரியாதை அல்ல, சட்டம். திரும்பும்போது ஜெர்மனி பக்கத்தில் போலீஸ் சோதனை இருக்கும். பாஸ்போர்ட்டை டிக்கியில் பூட்டாதீர்கள்.

ஒரு நாள் இத்தாலிக்கும் போய்வரலாமா?
– கரோல் பாக் வாசகர்

போகலாம். இத்தாலிக்குப் போகும் பிரென்னர் நெடுஞ்சாலைக்கு விக்னெட் போக இன்னொரு கட்டணம், இத்தாலிப் பக்கத்தில் தூரத்துக்கேற்ற டோல். அங்கே சறுக்குவதாக இருந்தால் மூன்றாம் நபர் காப்பீடும் ஹெல்மெட்டும் கட்டாயம். ஒரு நாளுக்கு இவ்வளவு தலைவலி எங்கள் கணக்கில் லாபமில்லை.

குழந்தைகளுக்குத் துணி, சாதனம் எல்லாம் இங்கேயே வாங்கலாமா? சாப்பாட்டுக்கு என்ன கட்டிக்கொள்வது?
– லோதி காலனி வாசகி

சறுக்குப் பலகை, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் அங்கே வாடகைக்கு எடுங்கள். பூட்ஸுக்குள் ஒரே ஒரு நீளமான மெல்லிய சாக்ஸ். கம்பளி சாக்ஸை இரண்டாகப் போட்டால் கால் இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து, இன்னும் அதிகமாகக் குளிரும். உள்ளே தெர்மல், மேலே நீர் புகாத ஜாக்கெட். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்து உடம்பைச் சில்லிட வைக்கும்.

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரவை, அப்பளம் கொண்டுபோகலாம். இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துச் செல்லத் தடை. நெய், பால்கோவா, பனீர் பெட்டியில் இருந்தால் பிடுங்கிவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். மோர்மிளகாய் தயிரில் ஊறியது, காய்ந்துவிட்டது என்று சுங்க அதிகாரியிடம் வாதாட வேண்டாம். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.