மை ஒட்டாத பிலிமும் உங்கள் மகளின் வேலையும்

வேதியியல் முடித்த உங்கள் மகள், பேக்கேஜிங் பிலிம் ஆலையில் சேரப் போகிறேன் என்கிறாள். "கவர் செய்கிற இடத்துக்குப் போகவா இவ்வளவு படித்தாள்?" என்று நீங்கள் கலங்குகிறீர்கள். சரி, ஒன்று செய்து பாருங்கள் அம்மா. அச்சில்லாத பாலிதீன் பை ஒன்றை விரித்து, மைப் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். கோடு நிற்காது, முத்து முத்தாகத் திரண்டுவிடும். அவள் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

பாலிதீன், பாலிபுரொப்பிலீன் இரண்டுக்கும் மேற்பரப்பு ஆற்றல், அதாவது திரவத்தைத் தன்மேல் பரவவிடும் தன்மை, குறைவு: சுமார் 30 டைன் (தொழிலில் அதை அளக்கும் அலகு). அச்சடிக்கக் குறைந்தது 38 டைன் வேண்டும். அதற்காக பிலிமை கொரோனா ட்ரீட்டரில், உயர் மின்னழுத்த மின்னிறக்கத்துக்கு அடியில் ஓட்டுகிறார்கள். ஆக்சிஜன் பிலிமின் மேல்தோலில் பிணைந்துகொள்ள, மை பரவிப் பிடிக்கிறது. தீச்சுவாலையாலும் பிளாஸ்மாவாலும் செய்வதுண்டு.

கஷ்டமெல்லாம் அப்புறம்தான். இன்று 40 டைன் காட்டும் ரோல் கிடங்கில் சில வாரம் கிடந்தால் இறங்கிவிடும். பிலிம் வழுக்கி ஓடச் சேர்த்த ஸ்லிப் பொருள் மெல்ல மேலே கசிந்து மறைக்கும். ட்ரீட்மென்ட் கூடினாலும் வம்புதான்: சீல் சரியாகப் பிடிக்காது, பின்பக்கமும் பட்டுவிட்டால் ரோல் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொள்ளும். குறிப்பிட்ட டைன் அளவுள்ள திரவம் நிரப்பிய டைன் பேனாவால் கோடு இழுத்து, 2 விநாடி உடையாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அச்சான பிறகு டேப் ஒட்டி வெடுக்கென்று பிடுங்குவார்கள். மை டேப்போடு வந்துவிட்டால் குறை பிலிமிலா, மையிலா, உலர்த்தலிலா? அதற்கு விடை சொல்லத் தெரிந்தவரை மை, பசை, அச்சு நிறுவனங்களும் தேடும்.

பிளாஸ்டிக்கைத் தடை செய்துவிட்டால் என்ற பயம் நியாயமானதே. சில பொருள்கள் போகத்தான் செய்யும், போகவும் வேண்டும். ஆனால் பல வகை பிளாஸ்டிக்கை ஒட்டிச் செய்த உறைகளை மறுசுழற்சி செய்வது கடினம் என்பதால், தொழில் ஒரே வகைப் பிலிமை நோக்கி நகர்கிறது. அது பெரும்பாலும் பாலிதீனோ பாலிபுரொப்பிலீனோதான், மை பிடிக்காத அதே இரண்டு!

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். கொரோனா ஓடும்போது ஓசோன் உண்டாகும், அது நுரையீரலுக்குக் கெடுதல். அதை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு இருக்கிறதா என்று சேரும் முன் மகள் கேட்கட்டும். முதல் ஆண்டு ஆய்வகமா, மெஷின் ஓடும் உற்பத்தி லைனா என்பதையும் கேட்கட்டும். என்னைக் கேட்டால் லைன்தான். ஆய்வகத்துக்கு வருவது வெட்டிய ஒரு துண்டு. ரோல் எந்த இடத்தில் கெட்டது என்பது மெஷின் பக்கத்தில் நிற்பவர் கண்ணில்தான் படும்.