தொலைதூர ரோபோ அறுவை சிகிச்சை: நடுவில் இணைப்பு அறுந்தால்?

வேறு ஊரில் இருக்கும் மருத்துவர் ரோபோ வழியாகத் தங்கள் தந்தையாரின் பித்தப்பையை அகற்றவிருப்பதாகவும், நடுவில் இணைப்பு அறுந்துவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அச்சம் நியாயமானதே. 2001 செப்டம்பர் 7 அன்று பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழாக் மாரெஸ்கோ நியூயார்க்கில் அமர்ந்து, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருந்த நோயாளிக்கு இதே சிகிச்சையைச் செய்தபோது, கையசைவு சென்று படமாகத் திரும்பச் சுமார் 155 மில்லிநொடி ஆனது. அதற்கெனவே தரவு செல்லும் கண்ணாடியிழைத் (ஃபைபர்) தடம் ஒதுக்கப்பட்டிருந்தது. சீரான சிறு தாமதத்துக்குக் கை பழகிவிடும். தாமதம் திடீரெனக் கூடினால்தான் கருவி இலக்கைத் தாண்டிச் செல்லும் ஆபத்து உண்டு. ஆகவே, மாற்று இணைப்பு தனி வழியில் வருகிறதா, தொடர்பு நின்றால் கருவிகள் அசையாமல் நிற்குமா என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட, உடனே பொறுப்பேற்று அறுவையை முடிக்கவல்ல நிபுணர் ஒருவர் தந்தையாரின் அருகிலேயே இருப்பாரா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லத் தயங்காதீர்கள்.