புதுக் கொரோனா: கபடிப் போட்டியை நடத்தலாமா, அம்மாவின் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: டாக்டர், தென்காசி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் மைதானத்தில் மூன்று நாள் கபடிப் போட்டி. 16 அணிகள் வருகின்றன. அது முடிந்த மூன்றாம் நாள் திருநெல்வேலியில் அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன். அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. கூடவே இருந்து பார்த்துக்கொள்ளப் போவது நான்தான். புதுவகைக் கொரோனா வந்துவிட்டது என்று வாட்ஸ்அப் முழுக்கச் செய்தி. மறுபடி ஊரடங்கு வருமா? போட்டியைத் தள்ளிவைக்கவா? ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. ஊரடங்கு வர வாய்ப்பு மிகக் குறைவு. போட்டியை நடத்துங்கள். ஆபரேஷனும் நடக்கட்டும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் நீங்கள் விட்டிருக்கும் மூன்று நாள் போதாது. கேட்ட மூன்று கேள்விகளைவிட நீங்கள் கேட்காத இந்த விஷயம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

'புதிய வகை' என்ற செய்தி இப்போது ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்கா ஒமிக்ரானைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்திடம் தெரிவித்தது 2021 நவம்பர் 24 அன்று. இரண்டே நாளில், 26-ஆம் தேதி, அது 'கவலைக்குரிய திரிபு' (உருமாறிய வைரஸ் வகை) ஆகிவிட்டது. அதற்கப்புறம் வந்த எக்ஸ்பிபி, ஜேஎன்.1, 2025 மே மாதம் பேசப்பட்ட என்பி.1.8.1 எல்லாமே ஒமிக்ரானின் வாரிசுகள்தாம். நான் இதை எழுதும் வரை அவற்றில் எதற்கும் டெல்டா, ஒமிக்ரான் போல ஒரு புதிய கிரேக்க எழுத்துப் பெயர் கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் மூன்று படிகள் உண்டு: கண்காணிக்கப்படும் திரிபு, கவனத்திற்குரிய திரிபு, கவலைக்குரிய திரிபு. என்பி.1.8.1 வைக்கப்பட்டது முதல் படியில், அதாவது கவலை மிகக் குறைந்த படியில். அடுத்த முறை செய்தி வந்தால், பெயரைப் பார்த்துப் பதறாமல் எந்தப் படியில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

ஊரடங்கு விஷயத்தை இரண்டு வரியில் முடிக்கலாம். 2020 முதல் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டது பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டத்தின்படி ஆணைகள் பிறப்பிப்பதை மத்திய அரசு 2022 மார்ச் 31-உடன் நிறுத்திக்கொண்டது. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச அவசர நிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. 2025 மே, ஜூனில் எண்ணிக்கை ஏறியபோது முகக்கவசம் போடுங்கள், கை கழுவுங்கள் என்ற அறிவுரையோடு விஷயம் நின்றது.

ஒருவேளை கட்டுப்பாடு வந்தாலும் அது எப்படி இருக்கும் என்பதற்கு 2022 ஜனவரிதான் நல்ல மாதிரி. தமிழ்நாட்டில் 6-ஆம் தேதியிலிருந்து இரவு பத்து முதல் காலை ஐந்து வரை ஊரடங்கு. 9, 16, 23 ஆகிய மூன்று ஞாயிறும் முழு ஊரடங்கு. கல்யாணத்துக்கு 100 பேர், துக்க வீட்டுக்கு 50 பேர். பொங்கலை ஒட்டி 14 முதல் 18 வரை வழிபாட்டுத் தலங்களுக்குள் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் ஜல்லிக்கட்டு நின்றதா? நிற்கவில்லை. மாடுபிடி வீரர்கள் 300 பேர், பார்வையாளர்கள் அதிகபட்சம் 150 பேர், இரண்டு தவணைத் தடுப்பூசி, 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்று என்று நிபந்தனை போட்டு நடத்தினார்கள். அலங்காநல்லூருக்கு வழக்கமான நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால் திங்கள்கிழமை 17-க்கு மாற்றினார்கள். கூட்டத்தை வெட்டுவது, தேதியை நகர்த்துவது: அந்த அலையில் விளையாட்டுக்கு வந்த கட்டுப்பாடு பெரும்பாலும் இவ்வளவுதான். எனவே உங்கள் அழைப்பிதழில் ஒரு மாற்றுத் தேதியையும் சேர்த்து அச்சடித்துவிடுங்கள். செலவில்லாத காப்பீடு.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருவோம். இங்கேதான் பலருக்கும் படம் தப்பாகப் பதிந்திருக்கிறது. கொரோனா என்றாலே 2021 மே மாதம்தான் நினைவுக்கு வரும்: ஆக்சிஜன் சிலிண்டர், ஆம்புலன்ஸ் வரிசை. அப்போது தமிழ்நாட்டில் ஒருநாள் தொற்று 36 ஆயிரத்தைத் தொட்டது. தினமும் 400-க்கும் மேற்பட்டோர் இறந்த நாட்கள் உண்டு. 2022 ஜனவரியில் ஒருநாள் தொற்று 30 ஆயிரத்தைத் தாண்டியது. ஏறக்குறைய அதே உயரம். இறப்பு ஒரு நாளைக்கு ஐம்பதை ஒட்டித்தான் இருந்தது. தடுப்பூசியும் பழைய தொற்றும் அதற்குள் வேலை செய்திருந்தன. ஒமிக்ரானும் நுரையீரலை 2021 மே மாதம் பரவிய டெல்டா அளவுக்குத் தாக்கவில்லை.

அப்படியானால் ஆஸ்பத்திரிகள் நிம்மதியாக இருந்தனவா? இல்லை. கட்டில் இருந்தது, ஆள் இல்லை. வேகமாகப் பரவும் திரிபு ஒரே வாரத்தில் ஸ்டாஃப் நர்ஸையும் லேப் டெக்னீஷியனையும் மயக்க மருந்து டாக்டரையும் வீட்டில் உட்கார வைத்துவிடும். இங்கிலாந்தில் 2022 ஜனவரி தொடக்கத்தில் லண்டன் மருத்துவமனைகளுக்கு ராணுவத்திலிருந்து 200 பேரை அனுப்ப வேண்டியிருந்தது. அவர்களில் 40 பேர் ராணுவ மருத்துவப் பணியாளர்கள். மற்றவர்கள் பொதுப் பணிக்கு வந்தவர்கள், அதாவது ஸ்ட்ரெச்சர் தள்ளவும் பொருள் எடுத்துக் கொடுக்கவும் ஆள் இல்லாமல் போயிருந்தது. அமெரிக்காவில் தனிமைக் காலத்தைப் பத்து நாளிலிருந்து ஐந்தாக 2021 டிசம்பர் 27 அன்று குறைத்தார்கள். நம் நாட்டில் 2022 ஜனவரி 5 அன்று வீட்டுத் தனிமையை ஏழு நாளாக்கினார்கள், கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வேலைக்கு ஆள் திரும்ப வேண்டும் என்ற கட்டாயமும் இந்தக் குறைப்புகளுக்குப் பின்னால் இருந்தது.

இன்னொன்று. காலை உடைத்துக்கொண்டு வந்தவரைப் பரிசோதித்தால் கொரோனா இருக்கும். அவருக்குக் கொரோனா சிகிச்சை தேவையில்லை, ஆனால் பொது வார்டில் போட முடியாது. தனி அறை, தனி ஸ்டாஃப். ஏற்கெனவே குறைந்துபோன ஆட்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இங்கிலாந்தில் அந்த ஜனவரியில் கொரோனா நோயாளிகள் என்று எண்ணப்பட்டவர்களில் பாதிக்கு அருகில் இப்படி வேறு காரணத்துக்காக வந்தவர்கள். 'கொரோனாவோடு இத்தனை பேர் ஆஸ்பத்திரியில்' என்ற தலைப்பைப் பார்த்தால், ஐசியு எண்ணிக்கையும் சேர்ந்து ஏறுகிறதா என்று தேடுங்கள். அது ஏறாத வரை எனக்குப் பெரிய பயம் இல்லை.

அம்மாவுக்கு இதன் அர்த்தம் என்ன? திட்டமிட்ட ஆபரேஷன்கள்தாம் முதலில் தள்ளிப்போகும், அதுவும் பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலம் போன் வரும்போதுதான் தெரியும். ஆகவே இப்போதே ஆஸ்பத்திரியில் கேட்டு வையுங்கள்: தேதி மாறினால் அடுத்த தேதி எப்போது, எடுத்த ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் அதுவரை செல்லுமா, காப்பீட்டு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமா? மூட்டு வலியோடு ஆறு மாதம் காத்திருப்பதும் ஆபத்துதான். நடை குறையும், சர்க்கரை ஏறும், ஒருநாள் பாத்ரூமில் விழுவார். செய்தியைப் பார்த்து நீங்களாகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஆனால் ஆபரேஷனுக்கு முன் அம்மாவுக்கே தொற்று வந்துவிட்டால் கதை வேறு. தொற்று வந்து இரண்டு வாரத்துக்குள் திட்டமிட்ட ஆபரேஷன் கூடாது என்பதில் மயக்கவியல் நிபுணர்களிடம் இப்போது கருத்து வேறுபாடு இல்லை. ஆரம்பத்தில் ஏழு வாரம் என்றார்கள். இப்போது இரண்டு முதல் ஏழு வாரத்துக்குள் என்றால் வயது, சர்க்கரை, மூச்சு நிலை பார்த்து மயக்க மருந்து டாக்டர் முடிவு செய்வார். அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். 'லேசான சளிதான்' என்று சொல்லாமல் விட்டுவிடுவது இதில்தான் அதிகம்.

அந்தத் தொற்று அம்மாவுக்கு எங்கிருந்து வரும்? அம்மா வெளியே போவதில்லை. நீங்கள் மூன்று நாள், 16 அணி, நடுவர்கள், டிரைவர்கள், சத்தம் போட்டு விசில் ஊதிக்கொண்டு கூட்டத்தின் நடுவில் நிற்கப்போகிறீர்கள். ஒமிக்ரான் வகைகளுக்குத் தொற்று ஏறியதிலிருந்து அறிகுறி தெரிய ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். அறிகுறி தெரிவதற்கு முன்பே பரவவும் செய்யும். உங்கள் கணக்குப்படி பார்த்தால், கடைசி நாள் இறுதிப் போட்டியில் உங்களுக்குத் தொற்றினால், அம்மா தியேட்டருக்குள் போகும் அன்று காலையில் உங்களுக்குத் தொண்டை கரகரக்கும். டாக்டரிடம் பேசி ஆபரேஷனைப் போட்டி முடிந்து எட்டு, பத்து நாள் கழித்து வையுங்கள். முடியாது என்றால் அக்காவோ தம்பியோ யாராவது ஒருவர் போட்டி தொடங்கும் நாளிலிருந்தே அம்மாவோடு இருக்கட்டும். நீங்கள் அந்த நாட்களில் வேறு வீட்டில் படுங்கள்.

சரி, போட்டிக்கு வருகிறேன். விளையாட்டிலும் கதை அதேதான்: வைரஸ் எவ்வளவு கொடியது என்பதைவிட, ஒரே நாளில் எத்தனை பேர் இல்லாமல் போகிறார்கள் என்பதுதான் ஆட்டத்தை நிறுத்துகிறது. 2022 ஜனவரியில் நம் நாட்டிலேயே நடந்த மகளிர் ஆசியக் கோப்பைக் கால்பந்து பலருக்கு மறந்திருக்கும். நவி மும்பையில் 23-ஆம் தேதி சீன தைபேயோடு ஆட்டம். குறைந்தது 13 பேர் இருந்தால்தான் அணியைக் களமிறக்கலாம் என்பது விதி. தொற்றால் இந்தியாவுக்கு 13 பேர் தேறவில்லை. ஆட்டம் தள்ளிவைக்கப்படவில்லை, இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாகக் கருதப்பட்டு வெளியே போனது. சொந்த மண்ணில், உலகக் கோப்பைக்குத் தகுதி பெறும் கனவோடு போன பெண்கள். எனக்கு இன்னும் அது வயிற்றெரிச்சல்தான். அதே வாரம் மேற்கிந்தியத் தீவுகளில் 19 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் உலகக் கோப்பை. இந்திய கேப்டன் யஷ் துல் உட்பட ஆறு பேர் தனிமையில். அயர்லாந்துக்கு எதிராக எஞ்சியிருந்தது சரியாக 11 பேர். இறங்கினார்கள், ஜெயித்தார்கள், கோப்பையையும் வாங்கி வந்தார்கள். எத்தனை பேர் இருந்தால் ஆடலாம் என்ற விதி எங்கே கோடு போட்டிருந்தது என்பதில்தான் இரண்டு அணிகளின் தலையெழுத்தும் பிரிந்தது.

விதி தெளிவாக இல்லையென்றால் சண்டை வரும். இங்கிலீஷ் பிரிமியர் லீக் கால்பந்தில் அந்தக் குளிர்காலத்தில் 13 வீரர்களும் ஒரு கோல்கீப்பரும் இருந்தால் ஆட வேண்டும் என்று விதி. யார் எந்தக் காரணத்தால் இல்லை என்பது பற்றி அதில் கறாராக இல்லை. ஜனவரி 16-இல் நடக்க வேண்டிய ஆர்சனல்–டாட்டன்ஹாம் ஆட்டம் கொரோனா, காயம், ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போனவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஆர்சனல் கணக்குக் காட்டியதால் தள்ளிப்போனது. டாட்டன்ஹாம் கொதித்தது. பிப்ரவரியிலிருந்து குறைந்தது நான்கு பேருக்குத் தொற்று இருந்தால்தான் தள்ளிவைக்கக் கேட்கலாம் என்று மாற்றினார்கள். வட்டாரக் கபடியில் இதைவிடப் பெரிய சண்டை வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நுழைவுப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். களத்தில் ஏழு பேர், வெளியே ஐந்து பேர் என்று 12 பேர் வருவார்கள். உடல்நலத்தோடு எட்டுப் பேர் இருந்தால் ஆட்டம் நடக்கும். அதற்குக் கீழே போனால், காரணம் காய்ச்சலாக இருந்தால் மட்டும், ஆட்டத்தை ஒருமுறை அன்று மாலைக்கோ மறுநாளுக்கோ நகர்த்தலாம். அப்போதும் தேறாவிட்டால் எதிரணிக்கு வெற்றி, கட்டிய பணம் திரும்ப. இந்தக் கடைசி வரி முக்கியம். பணம் திரும்பாது என்றால் காய்ச்சலோடு பையனை இறக்குவார்கள்.

பரவுவது ஆடுகளத்தில் மட்டும் என்று நினைக்காதீர்கள். கபடியில் மூச்சு முகத்தில் அடிக்கும் என்பது உண்மை. ஆனால் அது திறந்த வெளி. வகுப்பறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாய் விரித்து முப்பது பையன்கள் ஒன்றாகப் படுப்பது, ஏசி போட்ட வேனில் இரண்டு மணி நேரம் பாட்டுப் பாடிக்கொண்டு வருவது, பிளாஸ்டிக் குடத்தில் ஒரே டம்ளரை முக்கிக் குடிப்பது: என் கவலை இங்கே. ஜன்னலைத் திறந்து வைத்து ஃபேனைப் போடுங்கள், ஓர் அறையில் ஓர் அணி, ஆளுக்கொரு பாட்டில். எல்லோரையும் பரிசோதிக்க வேண்டியதில்லை. காலையில் மேனேஜர்கள் ஒவ்வொரு பையனிடமும் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி கேட்டால் போதும். இருந்தால் அன்றிலிருந்து ஓய்வு. அது ஃப்ளூவாக இருந்தாலும் இதே விதிதான்.

'ஒலிம்பிக்கிலேயே கொரோனாவோடு ஓடினார்களே சார்' என்று ஒரு பையனாவது கேட்பான். உண்மைதான். 2024 பாரிஸில் அமெரிக்க ஓட்டக்காரர் நோவா லைல்ஸ் கொரோனாவோடு 200 மீட்டர் ஓடி வெண்கலம் வாங்கினார். ஓடி முடித்ததும் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப்போனதையும் அவனுக்குச் சொல்லுங்கள். 2021 மே மாதம் கொல்கத்தா அணியின் வருண் சக்கரவர்த்தி, சந்தீப் வாரியர் இருவருக்குத் தொற்று தெரிந்த மறுநாளே ஐபிஎல் நின்றது. 2025 மே மாதம் அதே ஐபிஎல்லில் ஹைதராபாத் அணியின் டிராவிஸ் ஹெட்டுக்கு வந்தபோது அவர் ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டதோடு சரி. தொடரை நிறுத்துவதிலிருந்து ஆளை மட்டும் நிறுத்துவதற்கு விளையாட்டு உலகம் வந்துவிட்டது. உங்கள் போட்டியிலும் அதுவே போதும்.

காய்ச்சல் வந்த பையன் எப்போது திரும்பலாம்? தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது ஐந்து நாள். மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். அப்புறம் முதல் நாள் நடை, அடுத்த நாள் மெதுவான ஓட்டம், அதற்கடுத்து பயிற்சி, கடைசியில்தான் ரெய்டு. இதில் எந்தப் படியிலாவது நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம், வழக்கத்தைவிட அதிக மூச்சிரைப்பு வந்தால் அங்கேயே நிறுத்தி ஈசிஜி, எக்கோ, ட்ரோபோனின் (இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். இதயத் தசையில் அழற்சி என்று தெரிந்தால் மூன்று முதல் ஆறு மாதம் களத்தில் கால் வைக்கக் கூடாது, மாநில அணித் தேர்வே நடந்தாலும்.