வாழை விழுந்த பக்கம்

அன்புள்ள ஐயா,

போன கிழமை பின்னேரம் இடிமழை. பத்து நிமிசந்தான். எங்கள் வளவில் முப்பது வாழை சரிந்துவிட்டது, மாட்டுக்கொட்டில் தகரம் பக்கத்து வயலில் கிடந்தது. பேப்பரில் 'மினி சூறாவளி' என்று போட்டிருக்கிறார்கள். எட்டாம் ஆண்டு படிக்கிற மகள், இதுதான் டொர்னாடோவா என்று கேட்கிறாள். வெயில் காலத்தில் வெறும் வயலில் மண்ணைச் சுருட்டிக்கொண்டு எழும்புகிற சுழல்காற்றும் இதுவும் ஒன்றா?

க., கண்டாவளை

அன்புள்ள க.,

வாழைகள் எந்தப் பக்கம் விழுந்தன என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் வேண்டும். எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துக் கிடந்தால், அடித்த காற்று அனேகமாகச் சுழலவே இல்லை. இடிமுகிலுக்குள் மழைத்துளி ஆவியாகும், ஆலங்கட்டி உருகும். இரண்டும் காற்றைக் குளிரவைக்கும். குளிர்ந்த காற்று கனம், பொத்தென்று கீழே விழும். முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் நாலாபக்கமும் தெறிக்குமே, அப்படி நிலத்தில் மோதிச் சிதறும். உங்கள் வளவு அந்தச் சிதறலின் ஒரு ஓரத்தில் அகப்பட்டிருக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் தெத்சுயா புஜித்தா என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர். 1945 இல் அணுகுண்டு விழுந்த பிறகு நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய், மரங்கள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்த கோலத்தைப் பார்த்தவர். (அது எப்படி இருக்கும் என்று வன்னி ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.) பிறகு சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1974 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு நாளுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட டொர்னாடோக்கள் அடித்தபோது, விமானத்திலிருந்து பார்த்த காட்டில் சில இடங்களில் மரங்கள் சுழன்று விழாமல் அதே கோலத்தில் கிடந்தன. மேலிருந்து விழுகிற காற்று என்ற எண்ணம் அங்கேதான் பிடிபட்டது.

சரி, மகளின் டொர்னாடோ. விளக்குத்திரி உருட்டுவதை அவள் பார்த்திருப்பாள். கீழ்க்கை சும்மா இருக்க மேல்கை நகர்ந்தால் பஞ்சு உருளும். நிலத்தருகே காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் ஓடினால், இடையிலுள்ள காற்றும் அப்படித்தான் படுக்கையாக உருளும். இடிமுகிலுக்குள் சூடாக மேலெழும் காற்று அந்தத் திரியைத் தூக்கி நிமிர்த்திவிடும். இப்போது முகிலே சில கிலோமீற்றர் அகலத்துக்குச் சுழலும். அப்புறம் சுழற்சி நிலத்தருகே ஒடுங்க வேண்டும். அதற்குக் குளத்துத் துருசைப் பாருங்கள். தூரத்தில் சோம்பலாக அசைகிற தண்ணீர் வாய்க்குக் கிட்ட வர வர விர்ரென்று சுற்றும். ஆரம் பத்தில் ஒன்றானால் வேகம் ஏறத்தாழப் பத்து மடங்கு.

டொர்னாடோப் படங்களில் முகிலிலிருந்து தொங்குகிற அந்தத் தும்பிக்கை தூசி என்று பலர் நினைக்கிறார்கள். அடியில்தான் தூசி. மற்றதெல்லாம் முகில். நடுவில் அழுத்தம் இறங்கும், காற்று விரிந்து குளிரும், ஈரம் துளியாகும். 2003 இல் தெற்கு டகோடாவில் ஒரு டொர்னாடோவின் பாதையில் வைத்த கருவி, அழுத்தம் 100 மில்லிபார் விழுந்ததைப் பதிந்தது. சாதாரண அழுத்தமே ஆயிரத்துச் சொச்சந்தான்.

வயல் சுழல்காற்றுக்கு முகிலே தேவையில்லை. சுட்ட மண்ணிலிருந்து கீழிருந்து மேலே எழும்பும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். 'மினி சூறாவளி' என்ற சொல்லோடுதான் எனக்குக் கோபம். 2020 டிசம்பரில் வன்னியைக் கடந்த புரெவிதான் சூறாவளி. அது நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பரந்த சாமான், அதற்குக் குட்டி கிடையாது. சித்திரை இடிமழைக் காலத்தில் எங்கள் வானத்தில் உயரத்தில் ஓடுகிற காற்று பெரும்பாலும் மந்தம். திரி உருட்டக் கை இல்லை.

வாழைகள் இன்னும் வெட்டாமல் கிடந்தால் மகளிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்புக்குறி போடட்டும். குலை தள்ளினவை குலைப்பக்கம் சாயும், அவற்றை விட்டுவிடச் சொல்லுங்கள். அம்புகள் குறுக்கும் மறுக்குமாக உள்நோக்கி வந்தால் உடனே எனக்கு எழுதுங்கள்.