‘ஏ’ வாங்கிய பள்ளி மாவட்டமா, ‘பி’ வாங்கிய பள்ளி மாவட்டமா? டல்லாஸுக்குக் குடிபெயரும் ஒரு தாய்க்கு

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய இரண்டு பள்ளி மாவட்டங்களின், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் இரண்டு நிர்வாகங்களின், விவரங்களையும் பார்த்தேன். டெக்சஸ் மாநிலம் போட்ட தரம் ஒன்றுக்கு ‘ஏ’, மற்றதற்கு ‘பி’. ‘ஏ’ உள்ள இடத்தில் வாடகை மாதம் 700 டாலர் கூடுதல். உங்கள் கணவர் அலுவலகம் போய்வர ஒரு மணி நேரம் அதிகமாகும். “பிள்ளைகள் படிப்பு என்று வந்தபிறகு பணத்தைப் பார்க்க முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்தைப் பார்க்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பார்த்தே தீரவேண்டும். மகள் ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. அந்த ஓர் எழுத்து இருவருக்கும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை.

நம் ஊரில் வளர்ந்த நமக்குப் பள்ளியின் தரம் என்றால் தேர்ச்சி விகிதம்தான். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு என்று வாசலில் கட்டிய பேனர் கண்ணில் நிற்கும். அந்த நூறுக்காக, தேறமாட்டான் என்று தோன்றிய பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிய பள்ளிகளும் உண்டு என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். டெக்சஸ் தரும் எழுத்து அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. அதைப் பேனராகப் படித்தால் ஏமாந்துபோவீர்கள்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் இயற்றிய சட்டத்தின்படி டெக்சஸ் கல்வி முகமை ஒவ்வொரு பள்ளிக்கும் மாவட்டத்துக்கும் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை தரம் போடுகிறது. பார்ப்பது மூன்று விஷயங்களை: மாணவர் அடைவு, பள்ளி முன்னேற்றம், இடைவெளி குறைப்பு. அடைவு என்பது பிள்ளைகள் இன்று எங்கே நிற்கிறார்கள் என்பது. முன்னேற்றம் என்பது போன ஆண்டிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறார்கள், அல்லது இதே அளவு ஏழைப் பிள்ளைகளைக் கொண்ட மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் எப்படி என்பது. மூன்றாவது, ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள், சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகள் என்று பிரித்து, யாராவது பின்தங்க விடப்பட்டிருக்கிறார்களா என்று கேட்பது. முதல் இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீதம், மூன்றாவதற்கு 30 சதவீதம்.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். ஒரு பள்ளிக்கு அடைவு 91, முன்னேற்றம் 80, இடைவெளி குறைப்பு 85. பெரிதான 91-ஐ எடுத்துக் கணக்கிட்டால் 63.7-உம் 25.5-உம் சேர்ந்து 89.2, அதாவது ‘பி’. இன்னொரு பள்ளிக்கு அடைவு 75தான். ஆனால் முன்னேற்றம் 93, இடைவெளி குறைப்பு 84. 65.1-உம் 25.2-உம் சேர்ந்து 90.3, அதாவது ‘ஏ’. மதிப்பெண் அதிகமுள்ள பள்ளி ‘பி’, குறைவான பள்ளி ‘ஏ’. இதில் தவறு எதுவும் இல்லை. இரண்டாவது பள்ளியின் ஆசிரியர்கள் உண்மையாகவே உழைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு வீடு பார்ப்பவருக்கு, தான் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது தெரியாது.

இந்த முறைக்கு ஒரு முன்கதை உண்டு. 2002 ஜனவரியில் கையெழுத்தான மத்தியச் சட்டம், 2014-க்குள் நாட்டின் எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பிலும் கணிதத்திலும் தகுதி நிலையை எட்டவேண்டும் என்றது. எட்டாத பள்ளிகளைத் தோல்வி என்று முத்திரை குத்தியது. அது நடக்காத காரியம் என்று தெரிந்த பிறகு, 2015 டிசம்பரில் வந்த புதிய சட்டம் மாநிலங்களுக்குச் சற்றுக் கையைத் தளர்த்தியது. மூன்று முதல் எட்டு வரை ஆண்டுதோறும் தேர்வு, உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறை, முடிவுகளைப் பிரிவு பிரிவாக வெளியிடுதல் ஆகியவை மட்டும் மாறவில்லை. அந்தப் பிரித்துக் காட்டும் பட்டியல்தான் உங்களுக்கு உண்மையில் பயன்படப்போவது.

டெக்சஸில் அந்தத் தேர்வின் பெயர் ‘ஸ்டார்’. முடிவு நான்கு படிகளில் வரும்: எட்டவில்லை, நெருங்குகிறது, எட்டியது, முழுமையாகத் தேர்ந்தது. ‘நெருங்குகிறது’ என்பதையும் தேர்ச்சியாகவே கொள்கிறார்கள். ஒரு பள்ளியில் 92 சதவீதம் தேர்ச்சி என்று யாராவது சொன்னால், அதில் வகுப்புக்குரிய நிலையை எட்டியவர்கள் 70 சதவீதமாகவும் இருக்கலாம், 50 சதவீதமாகவும் இருக்கலாம். மகனுக்காக நீங்கள் பார்க்கவேண்டியது மூன்றாம் வகுப்பு வாசிப்பு, கணிதம் இரண்டிலும் ‘எட்டியது’ என்ற வரி. அவன் படித்த இரண்டாம் வகுப்பு வரை ஸ்டார் தேர்வே கிடையாது. மழலை வகுப்பு முதல் இரண்டு வரை மட்டும் உள்ள பள்ளிக்கு, அது இணைக்கப்பட்ட வேறொரு பள்ளியின் தரத்தையே போடுகிறார்கள். அதை அந்தச் சிறு பள்ளியின் சொந்தச் சாதனை என்று எண்ணிவிடாதீர்கள்.

மாவட்டத்தின் எழுத்து, அதிலுள்ள பள்ளிகளின் மதிப்பெண்களை மாணவர் எண்ணிக்கைக்கேற்ப எடை கொடுத்துச் சராசரி போட்டது. ஆகவே ‘ஏ’ மாவட்டத்துக்குள் ‘சி’ பள்ளி இருக்கும். ‘பி’ மாவட்டத்துக்குள் மிக நல்ல பள்ளி இருக்கும். உங்கள் வீட்டு முகவரி எந்தப் பள்ளியில் விழுகிறது என்பதே கேள்வி. இதில் நகரத்தின் பெயரை நம்ப வேண்டாம். டல்லாஸ் அருகே ஃபிரிஸ்கோ நகரத்தில் உள்ள எல்லா வீடுகளும் ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டத்தில் இல்லை. சில பகுதிகள் பிராஸ்பர், லூயிஸ்வில், லிட்டில் எல்ம் மாவட்டங்களில் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குத்தகை ஒப்பந்தத்தை விரித்துவைத்து, பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் வீட்டு எண்ணைத் தட்டியது. தெருவின் இடப்பக்கம் ஒரு மாவட்டம், வலப்பக்கம் இன்னொரு மாவட்டம். இவர்கள் வீடு வலப்பக்கம். முன்பணம் கட்டியாகிவிட்டது. அந்த அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு நிமிடம் செலவழித்து முதலிலேயே பார்த்திருக்கலாம்.

வீடு தேடும் தளங்களில் ஒன்று முதல் பத்து வரை தெரியும் எண்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவை அரசு தருபவை அல்ல. கிரேட்ஸ்கூல்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு தன் சொந்த முறையில் போடுபவை. அரசின் எழுத்தோடு அவை பொருந்தாமல் போனால் குழம்ப வேண்டாம்.

இன்னொன்று. ஒரு பள்ளி முன்பு ‘ஏ’யாக இருந்து இப்போது ‘பி’யாகிவிட்டது என்று பயப்படுவதற்கு முன் ஆண்டைப் பாருங்கள். கொரோனா காரணமாக 2020, 2021 இரண்டு ஆண்டும் தரம் போடவில்லை. 2022-இல் ‘டி’, ‘எஃப்’ எழுத்துகளே தரப்படவில்லை. 2023-இல் அளவுகோலையே மாற்றினார்கள்: உயர்நிலைப் பள்ளியை முடிப்பவர்களில் கல்லூரிக்கோ வேலைக்கோ ராணுவத்துக்கோ தயாரானவர்கள் 60 சதவீதம் இருந்தால் அந்தப் பகுதிக்கு ‘ஏ’ என்றிருந்ததை 88 ஆக உயர்த்தினார்கள். மாவட்டங்கள் வழக்குப் போட்டன; அந்த முடிவுகள் 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தன. அளக்கும் கோல் நீண்டால் அளக்கப்படுபவர் குட்டையாகத் தெரிவார். 2019-உடன் 2025-ஐ ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அதற்காக இந்த எழுத்துகள் வெறும் அலங்காரம் என்றும் நினைக்க வேண்டாம். ஒரே ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து ஆண்டு தோற்றால், மாநிலம் அந்தப் பள்ளியை மூடலாம் அல்லது மாவட்டத்தின் ஆட்சிக்குழுவையே மாற்றலாம் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. டெக்சஸின் மிகப் பெரிய மாவட்டமான ஹூஸ்டனை 2023 ஜூனில் மாநிலம் தன் கையில் எடுத்துக்கொண்டது. அந்த நடவடிக்கையின் தொடக்கத்தில் இருந்தது வீட்லி என்ற ஒரே உயர்நிலைப் பள்ளியின் தொடர் தோல்வி. ஆகவே நீங்கள் பார்க்கும் மாவட்டத்தில் மூன்று நான்கு ஆண்டுகளாகத் தடுமாறும் பள்ளி ஏதாவது உண்டா என்று தேடிப் பாருங்கள்.

முன்னேற்றத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், சராசரி மதிப்பெண் பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் காட்டும். ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டன் நாடெங்கும் உள்ள மாவட்டங்களின் தேர்வு முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரி மதிப்பெண் செல்வத்தோடு இறுகப் பிணைந்திருந்தது. மாணவர் முன்னேறும் வேகமோ செல்வத்தோடு அதிகம் ஒட்டவில்லை. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த சிகாகோவில், மூன்றாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடையிலான ஐந்து ஆண்டுகளில் பிள்ளைகள் ஆறு ஆண்டுக்குரிய அளவு முன்னேறியிருந்தார்கள். 2017-இல் அது வெளிவந்தபோது பலருக்கு நம்பவே முடியவில்லை. உங்கள் மகனுக்கு வேண்டியது இந்த வேகம். அது ‘பி’ மாவட்டத்தில் கூடுதலாக இருக்கலாம். இருக்கிறதா என்பது முன்னேற்றம் என்ற தனிக் கட்டத்தில் தெரியும்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். உண்மையில் நீங்கள் அதிகம் யோசிக்கவேண்டியது இங்கேதான். டெக்சஸில் அரசுப் பல்கலைக்கழக அனுமதி பெரும்பாலும் பள்ளிக்குள் அவள் வாங்கும் ரேங்கைப் பொறுத்தது. 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன் பள்ளியில் முதல் 10 சதவீதத்தில் வருபவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டின் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விதிவிலக்கு: அது முதல் 6 சதவீதமாக இருந்து, 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. ஒரு வகுப்பில் 600 பேர் என்றால் முப்பது பேர். நீங்கள் ஆசைப்படும் அந்த ‘ஏ’ மாவட்டத்தின் பள்ளியில், எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 என்ற உயர்நிலைக் கணிதப் பாடத்தை முடித்துவிட்டு வரும் பிள்ளைகள் ஏராளம். அந்த முப்பது இடத்துக்கு நூறு பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதே பெண் ‘பி’ பள்ளியில் எளிதாக முதல் இருபதில் வரக்கூடும். நல்ல போட்டிதான் பிள்ளையை உயர்த்தும் என்று நாம் நம்பி வளர்ந்தவர்கள். இங்கே போட்டி உயர்த்தும்போதே ரேங்கைக் கீழே தள்ளவும் செய்யும். ரேங்கால் கிடைப்பது பல்கலைக்கழகத்தில் இடம் மட்டுமே, கணினி அறிவியலோ பொறியியலோ அல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள். அந்தத் துறைகள் தனியாகப் பார்த்துத்தான் எடுக்கும்.

அதனால் இரண்டு பள்ளிகளின் கவுன்சலரிடமும் எழுத்தில் கேளுங்கள். சென்னையில் முடித்த எட்டாம் வகுப்பை எப்படிக் கொள்வார்கள்? எட்டாம் வகுப்பில் மற்றவர்கள் எடுத்த உயர்நிலைப் பாடங்கள் ரேங்கில் சேருமா? மாவட்டத்துக்கு மாவட்டம் பதில் மாறும். பாடத்தை இங்கே படிக்காமலே நேரடியாகத் தேர்வெழுதி 80 சதவீதம் எடுத்தால், அந்தப் பாடத்தை முடித்ததாகக் கணக்கில் வைக்கும் ‘கிரெடிட்’ தரும் வழியும் உண்டு. அல்ஜீப்ரா 1-க்கு உங்கள் மகள் அதை முயலலாம். ஆனால் அதற்கு ஆண்டில் சில தேதிகள்தான் இருக்கும், விமானம் ஏறுவதற்கு முன்பே கேட்டுவைக்க வேண்டும். சேரும்போதே ஒரு துறைப்பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எதை எடுத்தாலும் அல்ஜீப்ரா 2 உள்ள மேம்பட்ட நிலைத் திட்டத்தில் இருக்கிறாளா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அது இல்லாமல் மேற்சொன்ன ரேங்க் சலுகை பொதுவாகக் கிடையாது.

பள்ளியின் ஆண்டறிக்கையைத் திறக்கும்போது இன்னும் இரண்டு இடங்களில் நில்லுங்கள். ஒன்று ஆசிரியர் பக்கம்: ஐந்து ஆண்டுக்குக் குறைந்த அனுபவம் உள்ளவர்கள் எத்தனை பேர், மாவட்டத்தில் ஆண்டுக்கு எத்தனை பேர் விலகுகிறார்கள். இரண்டாவது, மாணவர் பிரிவுகளில் ‘ஆசியர்’ என்ற பத்தி. நம் பிள்ளைகள் அதில்தான் வருவார்கள். அந்தப் பத்தியில் இரண்டு பள்ளிகளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், மாதம் 700 டாலர் வேறுபாட்டுக்கு இன்னொரு காரணம் தேட வேண்டியிருக்கும்.

கடைசியாக, சேர்க்கைப் படிவங்களோடு வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு தாள் தருவார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையை மெதுவான வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, ஆங்கிலம் என்று எழுதிவிடும்படி பலர் உங்களுக்குச் சொல்வார்கள். தமிழ் என்றே எழுதுங்கள். நான்கு வாரத்துக்குள் ஆங்கிலத் திறனைச் சோதிப்பார்கள். ஆங்கில வழியில் படித்துவந்த பிள்ளைகள் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். உங்கள் மகனுக்கு உதவி தேவைப்பட்டால், அது உங்கள் சம்மதத்தோடு கிடைக்கும் உரிமை. அவன் ஆங்கிலத்தில் ஏறும் ஒவ்வொரு படியையும் பள்ளி மாநிலத்துக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். இடைவெளி குறைப்பு என்ற அந்த 30 சதவீதத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. பொய் எழுதினால் அந்தக் கணக்கிலிருந்து அவன் பெயரை நாமே அடித்துவிட்டவர்களாகிறோம்.

இரண்டு வீடுகளின் முழு முகவரியையும் அனுப்புங்கள். எந்தப் பள்ளி என்று பார்த்துவிட்டு, அடுத்த வாரம் அந்த இரண்டு ஆண்டறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம். அதுவரை முன்பணம் கட்ட வேண்டாம்.